வாள் வேறு, உறை வேறு

1767 செப்டம்பரில் ஐதர் அலி, நிஜாம் படைகளும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் முதலில் செங்கத்தில் மோதின, அப்புறம் திருவண்ணாமலையில். அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளுமாக வீரர்களைச் செதுக்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட மண்ணில், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை போன்ற ஊரில், வீட்டுப் பரணிலோ குலசாமி மாடத்திலோ பழைய வாள் ஒன்று கிடந்தால் அதிசயமில்லை. ஆயுத பூஜைக்கு முதல்நாள் அதைப் புளி போட்டுத் தேய்ப்பதும், பட்டறையில் கொடுத்துக் கிரைண்டர் பிடிப்பதும்தான் வயிற்றெரிச்சல்.

அந்த இரும்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் கை கூசும். தென்னிந்திய உருக்குக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் வூட்ஸ். பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் அதை உருக்கிய மூசைகளின் உடைசல்களை ஆராய்ந்து 1990களில் எழுதினார் சாரதா சீனிவாசன். தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்கிலையால் மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். ஆறியதும் கிடைக்கும் கட்டியில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரி. அதை அளவான சூட்டில் அடித்து நீட்டினால் இரும்புக் கார்பைடு துகள்கள் வரிவரியாக ஒதுங்குகின்றன. லேசான அமிலம் பட்டால் வரிகள் கண்ணுக்குத் தெரியும். மைக்கேல் ஃபாரடேயே 1819இல் இதன் ரகசியத்தைத் தேடி, சிலிக்காவும் அலுமினாவும்தான் காரணம் என்று தப்பாக முடிவுகட்டினார்.

எல்லாப் பழைய வாளும் வூட்ஸ் அல்ல. ஆனால் கிரைண்டர் பிடித்தபின் அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். வரிகளையாவது தெரிந்தவர்கள் மறுபடி எழுப்பிவிடலாம். முத்திரை, எழுத்து, பொன்கம்பி வேலை எல்லாம் போனது போனதுதான். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் உருக்கின் பதமும் கெட்டது.

முதலில் துருவைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் அது வாளுக்குக் கவசம், விட்டுவிடலாம். செம்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது. எலுமிச்சம்பழம் குத்திவைக்கும் வழக்கமிருந்தால் முனையைத் தனியாகக் கவனியுங்கள். பழச்சாறும் ஈரச் சந்தனமும் இரும்புக்கு ஆகாதவை. தையல் மிஷின் எண்ணெயைத் தடவி ஓரிரு நாள் ஊறவிட்டு, மூங்கில் சீவலாலோ செம்புத் துண்டாலோ பொடியை மட்டும் சுரண்டியெடுங்கள். செம்பு உருக்கைவிட மென்மையானது, கீறல் விழாது. உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். கடுக்காய்ச் சாறு துருவைக் கறுப்பாக்கி அடக்கும் என்பது உண்மை. அதிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுப்புப் படலமாகும். ஆணிக்கும் கொண்டிக்கும் அது சரி, வாளின் அலகை மசியாக்கிவிடும். கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிதாக மெழுகு பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது சிக்குப்பிடித்தால் வரும் அமிலமே இரும்பை அரிக்கும்.

பிடியிடம் இன்னும் நிதானம் தேவை. நம் நாட்டு வாள்களில் பலவற்றில் அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் விட்டு, உருக்கிய அரக்கை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். வெந்நீரில் கழுவினாலோ வெயிலில் காயவைத்தாலோ அரக்கு இளகும். உள்ளே தண்ணீர் போனால் வால் துருப்பிடித்துப் பருக்கும், பிடி வெடிக்கும்.

உறையை யாரும் மதிப்பதில்லை. உண்மையில் அதுதான் சீக்கிரம் அழியும். இரண்டு மரச்சீவல்களை ஒட்டி, மேலே தோலோ வெல்வெட்டோ போர்த்தி, வாயிலும் அடியிலும் பித்தளைப் பூண் மாட்டியிருப்பார்கள். ஒட்டு விட்டிருந்தால் பழைய வாளை உருவும்போது அலகு மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகவே உறையைச் சுற்றிப் பிடிக்காமல், முதுகுப்பக்கம் மட்டும் பிடித்து மெதுவாக உருவுங்கள், உள்ளங்கை தப்பிக்கும்.

விட்ட இடத்தைத் தச்சர்களின் வச்சிரத்தால் ஒட்டலாம். பின்னால் ஒருவர் வெதுவெதுப்பான நீர் காட்டிப் பிரித்துக்கொள்ளலாம். எபாக்சி பசை போட்டால் அந்த வழி அடைபடும். தோல் செந்தூளாக உதிர்ந்தால் ஈரத்துணி படக்கூடாது, எண்ணெயும் பூசக்கூடாது. பூணோரம் பிடிக்கும் பச்சைக் களிம்பைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் தோல் பதனிட்டதும் ஆவாரம்பட்டையில்தான். உருக்குக்குக் கரி தந்த அதே செடி! ஆனால் தோலில் தங்கிய அமிலமும் மரம் இழுத்துவைத்த ஈரமும் சேர்ந்து, உறைக்குள் கிடக்கும் அலகை வருடக்கணக்கில் தின்னும். அதனால் செப்பனிட்ட வாளை மறுபடி உறைக்குள் செருகிவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவையுங்கள்.

பொன்வேலை தெரிந்தாலோ, துடைத்தபின்னும் துரு கசிந்தாலோ அது வீட்டு வேலை அல்ல. 1930இலிருந்தே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்கிவருகிறது, அங்கே விசாரியுங்கள். நூறாண்டு கடந்த வாளை வெளிநாட்டுக்கு விற்பதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. நிலத்தில் தோண்டும்போது கிடைத்த வாள் என்றால், துருவைத் தொடும் முன்பே கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.