உங்களுக்குத் தெரியுமா? வழக்கு மேலே போனால் மொழி மாறும்!

● தியாகராய நகர் கடை வாடகைத் தகராறு கீழ் நீதிமன்றத்தில் தமிழிலேயே நடக்கலாம். அதுவே பாரிமுனை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் மனு, வாதம், தீர்ப்பு எல்லாம் ஆங்கிலம். தமிழ் வாடகை ஒப்பந்தத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

● காரணம், அரசியலமைப்பின் 348-வது பிரிவு. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியது, ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆனால் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு.

● தமிழ்வழியில் படித்த இளம் வழக்கறிஞர்களே! உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் அதன் இணையதளத்தில் இலவசம். ஆங்கில மூலத்தோடு பத்தி பத்தியாக ஒப்பிட்டுப் படியுங்கள். சட்ட ஆங்கிலம் வசப்படும்.