தகவல் கசிந்தால் தற்காப்பும் நஷ்ட ஈடும்

நெசவாளரும் விவசாயியும் தம் உழைப்பின் பயனை ஒரு ஸ்தாபனத்திடம் ஒப்படைக்கும்போது, பணத்தோடு தம் குடும்ப விவரங்களையும் சேர்த்தே ஒப்படைக்கின்றனர். பெயர், கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், வாரிசுதாரர் யார், உடம்பில் என்ன நோய் என்பன யாவும் அந்த ஸ்தாபனத்தின் ஏட்டில் ஏறுகின்றன. பணம் களவுபோனால் இருப்புக் குறைந்து தெரியும். விவரம் களவுபோனால் ஏட்டில் ஒன்றும் குறையாது. உரியவருக்குத் தெரிய வருவதற்குள் பல மாதங்கள் ஆகிவிடலாம். ஆகவே, இதுபற்றி நம் அங்கத்தினர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

சென்னையில் நடந்தது

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலி வழியே எவரும் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தமை 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. பாலிசிப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், நோய் பற்றிய அறிக்கைகள் முதலியன அவற்றுள் இருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாகக் களவாடியவன் கூறிக்கொண்டான். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, விவரங்கள் பரவாதிருக்க இடைக்காலத் தடையுத்தரவு பெற்றது. ஆயினும் ஒருமுறை வெளியே போன விவரத்தை எந்த உத்தரவாலும் முழுவதும் திரும்பப் பெற இயலாது. பனமலை ஏரியின் கரை உடைந்தால் கரையை அடைக்கலாம். ஓடிப்போன நீரை மீண்டும் ஏரிக்குள் ஏற்ற முடியுமா?

கசிவு களவாகும் விதம்

விவரம் கசிந்ததனாலேயே பணம் போய்விடாது. அந்த விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் தொலைபேசியில் பேசுகிறான். "ஐயா, உங்கள் பாலிசி எண் இன்னது, உங்கள் மனைவியார் வாரிசுதாரர், போன வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தீர்கள். உங்களுக்குப் பாக்கித் தொகை வரவேண்டியிருக்கிறது" என்று மரியாதையாகச் சொல்கிறான். கேட்பவர் நம்பி, கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லிவிடுகிறார். நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எல்லா விவரத்தையும் சரியாகச் சொன்னானே, பின் எப்படி நம்பாமலிருப்பது?"

இதற்கு நமது பதில் இதுவே. விவரம் தெரிந்திருப்பது ஒருவன் கம்பெனியைச் சேர்ந்தவன் என்பதற்கு அத்தாட்சியாகாது. நமக்குப் பணம் வருவதற்கு நாம் ரகசிய எண் எதையும் சொல்லவோ அழுத்தவோ வேண்டியதில்லை. பேசியவன் யாராயினும் பேச்சை முடித்துவிட்டு, பாஸ் புத்தகத்திலோ பாலிசிப் பத்திரத்திலோ அச்சாகியுள்ள எண்ணுக்கு நாமே பேசி விசாரிக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டுவன

தாம் சேர்ந்துள்ள ஸ்தாபனத்தில் கசிவு நேர்ந்ததாக அறிந்தவர், தம் விவரம் அதில் அடங்கியுள்ளதா என்று எழுத்து மூலம் கேட்டு, நகலும் ஒப்புகையும் வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி ரகசிய எண்களை மாற்றிவிட வேண்டும். கணக்கில் பற்று வரவு நேர்ந்தவுடன் குறுஞ்செய்தி வருமாறு கைபேசி எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். கைரேகை வைத்துப் பணம் எடுப்போர், ஆதார் செயலி அல்லது இணையத்தளம் வழியே கைரேகையைப் பூட்டி வைத்து, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

தம் பெயரில் வேறொருவன் கடன் வாங்கியிருக்கிறானா என்பதையும் பார்த்தல் நலம். சிபில் முதலிய கடன் தகவல் கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை தர வேண்டும். அதில் தவறிருந்து புகார் செய்து 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் ஈடு தரவேண்டுமென்று 2023 அக்டோபர் 26-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

மூன்று நாள் கணக்கு

பணம் போய்விட்டதெனில், முதற் காரியம் 1930 என்ற எண்ணுக்குப் பேசுதல். பணம் கைமாறிச் செல்லுமுன் தடுத்து நிறுத்த அதுவே வழி. அடுத்து, தம் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்தல்.

2017 ஜூலை 6-இல் வணிக வங்கிகளுக்கும், அவ்வாண்டு டிசம்பர் 14-இல் கூட்டுறவு வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி ஒரு நெறி வகுத்தது. அதன்படி, தவறு வங்கியிடமுமின்றி, வாடிக்கையாளரிடமுமின்றி, வேறோரிடத்தில் நேர்ந்ததாயின், அறிவிப்புக் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமே இல்லை. 4 முதல் 7 நாட்களுக்குள் எனில் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ. 5,000 வரையிலும், ஏனைய சேமிப்புக் கணக்குக்கு ரூ. 10,000 வரையிலும் வாடிக்கையாளர் ஏற்க நேரிடும். வங்கியின் குறைபாட்டால் நேர்ந்ததாயின் நஷ்டம் முழுவதும் வங்கியைச் சேரும். ரகசிய எண்ணைத் தாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான நஷ்டம் தம்முடையது. புகாருக்குப் பின் போவது வங்கியினுடையது. குற்றம் வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே விதிக்கப்பட்டது. இத்தகைய தொகைகளும் கெடுக்களும் அவ்வப்போது திருத்தப்படக்கூடியவை ஆதலால், இப்போதைய விதியைக் கிளையில் கேட்டறிந்துகொள்க. எந்த விதியாயினும் தாமதித்தவருக்கு அனுகூலமாயிராது.

நஷ்ட ஈடு பெறும் இடங்கள்

வங்கி 30 நாட்களுக்குள் திருப்தியான பதில் தராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மீதான குறைகளை அதன் ஒழுங்காற்று ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் பதியலாம். சேவைக் குறைபாட்டுக்கு விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம்.

பலர் அறியாத வழி இன்னொன்றுண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து, ரூ. 5 கோடி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர், வங்கியின் பெயரால் வந்த போலி மின்னஞ்சலுக்கு விவரம் தந்து பணம் இழந்தார். தவறு அவருடையதே என்றது வங்கி. 2010 ஏப்ரல் 12-இல் தமிழ்நாட்டின் அதிகாரி அவ்வாதத்தை ஏற்காது, வங்கி ரூ. 12.85 லட்சம் தருமாறு உத்தரவிட்டார். ஏமாந்துவிட்டோமே என்று வெட்கி வாளாவிருந்திருந்தால் அவருக்கு ஒரு காசும் கிட்டியிராது.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறும் ஸ்தாபனத்துக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அந்த அபராதம் இந்திய அரசின் நிதிக்குச் சேருமேயன்றி இழந்தவர் கைக்கு வராது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்து அமலுக்கு வருபவை. அப்போது, கவனக்குறைவால் தகவலைக் காக்கத் தவறிய கம்பெனியிடம் ஈடு கேட்க உதவிய பழைய சட்டத்தின் 43அ பிரிவு நீங்கும். ஆதலால் கோரிக்கை உள்ளவர்கள் காலந்தாழ்த்தாது சட்ட உதவி பெறுதல் நன்று. விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுடையோர்க்கு இலவச உதவி கிட்டும்.

எங்கு முறையிட்டாலும் கேட்கப்படுவது ஒன்றே: நஷ்டத்துக்கும் அவர்கள் தவறுக்கும் அத்தாட்சி எங்கே? குறுஞ்செய்திகளை அழிக்கலாகாது. பேசியவனின் எண், நாள், நேரம், புகார் எண், போன தொகை, அலைந்த செலவு ஆகிய அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வைத்தல் வேண்டும்.

நமது சங்கங்களின் கடமை

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடெங்கும் சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதலளித்தது. பெட்டியிலிருந்த பேரேடு கணினிக்குள் போய்விட்டது. பெட்டிச் சாவியைச் செயலாளர் பிறரிடம் தருவாரா? கணினியின் ரகசியச் சொல்லும் அவ்வாறே காக்கப்பட வேண்டும். நகைக்கடனுக்கு வாங்கிய ஆதார் நகல்கள் மேஜைமேல் கிடப்பதும், அவற்றின் பின்புறத்தில் கணக்குப் போடுவதும் அறவே நிற்க வேண்டும்.

ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் 1930 என்ற எண் பெரிதாக எழுதப்படட்டும். எழுதத் தெரியாத அங்கத்தினர் பணம் இழந்து வந்து நின்றால், அன்றைக்கே மனு எழுதித் தந்து, வங்கி வரை உடன்செல்ல ஒருவரை நிர்வாகக் குழு நியமிக்கட்டும். தனியாளாய்ச் சென்றால் மூன்று நாட்கள் அலைச்சலிலேயே கழிந்துவிடும். சங்கம் துணை நின்றால் முதல் நாளிலேயே மனு கொடுத்துவிடலாம்.