'கருணைக்கொலை' முதல் 'கண்ணியமான மரணம்' வரை: மக்கள் மனநிலை மாற மாற சட்டம் எப்படி மாறியது?

"வென்டிலேட்டர்ல வைக்கலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க."

ஐசியூ வாசலில் டாக்டர் இப்படிக் கேட்கும்போது பல குடும்பங்களிடம் பதில் இருப்பதில்லை. மகன் ஒன்று சொல்வார், மகள் இன்னொன்று சொல்வார். உள்ளே படுத்திருப்பவர் என்ன விரும்பினார் என்பது யாருக்கும் தெரியாது. நன்றாக இருந்த காலத்தில் அவரே அந்தப் பேச்சை எடுத்திருந்தாலும், "அபசகுனமா பேசாதீங்கப்பா" என்று வாயை அடைத்திருப்பார்கள்.

அந்தப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை 2018 முதல் இந்தியாவில் இருக்கிறது. அது எப்படி வந்தது? அதைச் சுற்றி ஏன் இவ்வளவு நிபந்தனைகள்? இரண்டு கேள்விக்கும் பதில், சட்டப் புத்தகத்தை விட நம் சமூகத்தின் பயங்களில்தான் இருக்கிறது.

எது அனுமதி, எது குற்றம்?

மூன்று விஷயங்களைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

* டாக்டரே மருந்து செலுத்தி நோயாளியின் உயிரை முடிப்பது: இந்தியாவில் குற்றம்.
* நோயாளி தானே உயிரை முடித்துக்கொள்ள டாக்டரோ மற்றவரோ உதவுவது: இதுவும் குற்றம்.
* குணமாக வாய்ப்பே இல்லாதவருக்கு, உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவது அல்லது தொடங்காமல் இருப்பது: உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி அனுமதி உண்டு.

நெதர்லாந்தில் 2002 முதலும், கனடாவில் 2016 முதலும் முதல் இரண்டுமே நிபந்தனைகளோடு சட்டபூர்வமானவை. இந்தியாவில் இதுவரை திறந்திருப்பது மூன்றாவது கதவு மட்டும்தான்.

ஒரே எண், எதிரெதிர் முடிவு

மக்கள் மனநிலை மாறினால் சட்ட விவாதம் எப்படித் திரும்பும் என்பதற்கு பிரிட்டன் நல்ல உதாரணம். மரணத்தை நெருங்கிவிட்ட நோயாளிகளுக்கு உதவ அனுமதிக்கும் மசோதா 2015-ல் பிரிட்டன் மக்களவைக்கு வந்தபோது, எதிர்த்து 330 பேர், ஆதரித்து 118 பேர் வாக்களித்தனர். 2024 நவம்பரில் இன்னொரு மசோதா வந்தது. இம்முறை ஆதரித்தவர்கள் 330 பேர், எதிர்த்தவர்கள் 275 பேர்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஜூனில் நடந்த அடுத்த வாக்கெடுப்பில் 314-க்கு 291 என வித்தியாசம் 55-லிருந்து 23 ஆகக் குறைந்தது. 'முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்களைச் சுமையாக நினைத்து இந்த முடிவுக்குத் தள்ளப்பட மாட்டார்களா?' என்ற கேள்வி அங்கே விவாதம் முழுக்கத் துரத்தியது. இதே கேள்வி இந்தியாவுக்கும் புதிதல்ல.

அருணா வழக்கு: நீதிபதிகள் கண்ட பயம்

மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் நடந்த கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டுப் படுத்த படுக்கையானார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என எழுத்தாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். அத்தனை வருடமும் அவரைப் பராமரித்து வந்த மருத்துவமனை ஊழியர்களோ 'கூடவே கூடாது' என்றார்கள்.

2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அருணா விஷயத்தில் ஊழியர்களின் பக்கமே நின்ற உச்ச நீதிமன்றம், சிகிச்சையை நிறுத்துவதை மட்டும் கொள்கை அளவில் ஏற்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. காரணத்தை நீதிபதிகள் ஒளிக்கவில்லை. சொத்துக்காக உறவினர்கள் டாக்டர்களோடு கைகோத்து ஆவணங்களை ஜோடிக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அருணா 2015-ல் நிமோனியாவால் இறந்தார்.

தலைக்கூத்தல் நினைவூட்டுவது

அந்தப் பயம் வெறும் கற்பனையா? விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற சொல்லைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். படுக்கையில் விழுந்த முதியவரை வீட்டாரே முடித்துவிடும் அந்தப் பழக்கத்தை, தேசிய விருது பெற்ற 'பாரம்' படம் பேசியது.

அங்கே முடிவெடுப்பது முதியவர் அல்ல, குடும்பம். பல நேரங்களில் காரணம் வறுமையும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும்தான். 'கருணை' என்ற பெயரில் எது நடந்தாலும் அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். தமிழில் இதற்குப் புழங்கும் சொல்லே 'கருணைக்கொலை' இல்லையா? பேச்சைத் தொடங்கும்போதே கொலை என்று சொல்லிவிடுகிறோம்.

2018: இன்னொரு பயம் வந்தது

இதற்கிடையே நகரங்களில் வேறொரு பயம் வளர்ந்தது. உடல் முழுக்கக் குழாய்கள், கண்ணாடிக்கு வெளியே குடும்பம், நாளுக்கு நாள் ஏறும் பில். 'இழுத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாது, சட்டுனு போயிடணும்' என்று பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்வதுதான். மருத்துவமனைக்குள் அந்த ஆசையைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது.

'காமன் காஸ்' என்ற அமைப்பு 2005-ல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. 'லிவிங் வில்' எனப்படும் முன்விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த தனியுரிமைத் தீர்ப்பு, தன் உடல் குறித்த முடிவு தன்னுடையதே என்ற எண்ணத்துக்கு ஏற்கெனவே வலு சேர்த்திருந்தது.

பழைய பயமும் போகவில்லை. ஆவணத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்து, 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள், கலெக்டர் அமைக்கும் இரண்டாவது குழு, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது என நிபந்தனைகள் நீண்டன. நடைமுறையில் இது வேலைக்கே ஆகவில்லை. டாக்டர்கள் முறையிட்ட பிறகு, 2023 ஜனவரியில் நீதிமன்றமே விதிகளைத் தளர்த்தியது.

இப்போது எழுதுவது எப்படி?

* 18 வயது நிறைந்த, தெளிவான மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம்.
* இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும்.
* உங்களால் பேச முடியாமல் போனால் உங்கள் சார்பில் முடிவைச் சொல்லப்போவது யார் என்று பெயர் எழுத வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம்.
* எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

ஆவணம் இருப்பதாலேயே சிகிச்சை நின்றுவிடாது. மருத்துவமனையின் முதல் குழு பரிசீலிக்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் அதை ஏற்க வேண்டும். இரண்டு குழுக்களும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே நடைமுறை உண்டு.

இன்னும் எங்கே சிக்கல்?

உரிமை தீர்ப்பில் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு முழுதாக வந்து சேரவில்லை. இதற்கெனத் தனிச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. மத்திய சுகாதாரத் துறை 2024-ல் வரைவு வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, டாக்டர்களை இது சட்டச் சிக்கலில் தள்ளும் என்று இந்திய மருத்துவ சங்கமே ஆட்சேபித்தது. கர்நாடகா 2025 ஜனவரியில் தீர்ப்பை நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது.

இன்னொரு பக்கம், வலியைக் குறைக்கும் சிகிச்சை. வலி தாங்காமலோ, பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற குற்ற உணர்விலோ ஒருவர் 'போதும்' என்றால், அதை அவருடைய சுதந்திரமான முடிவு என்று எப்படிச் சொல்வது? கேரளா 2008-லேயே வலி நிவாரண சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. இது எல்லோருக்கும் கிடைத்தால்தான், ஒருவர் எழுதி வைக்கும் முடிவு உண்மையிலேயே அவருடையதாக இருக்கும்.

சட்டத்தின் இரண்டு பயங்களுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்பது. ஐசியூ வாசலில் அதைக் கேட்க நேரம் இருக்காது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்கலாம். அபசகுனம் என்று யாராவது அதட்டினாலும் பரவாயில்லை.

*(மன அழுத்தமோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால் மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)*