தகடூர் முற்றத்து நடுகற்கள்

தருமபுரி அகழ்வைப்பகத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் உள்ளறைப் பொருள்களையே நாடுகின்றனர். வெளியே நிறுத்தப்பெற்றுள்ள கற்பலகைகளின்முன் நின்று நோக்குவார் சிலரே. ஆயினும், தமிழிலக்கியம் பயில்வார்க்கு அவ்விடத்தின் தலையாய செல்வம் அம்முற்றத்தில்தான் உளது என்பது எம் கருத்து.

அவை நடுகற்கள், ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ பட்ட வீரர்க்குப் பெரும்பாலும் எடுக்கப்பெற்றவை. பண்டைத் தகடூர் நாடாகிய இப்பகுதியிலும், செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் பல்லவர் காலந்தொட்டு இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. செங்கம் நடுகற்களின் பாடங்கள் 1972இல் தொல்லியல் துறையால் நூலாக வெளியிடப்பெற்றன.

வட்டெழுத்தில் அமைந்த இப்பொறிப்புகள் பெரும்பாலும் ஒரே நடையின. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் முதற்கண் வரும். பின் அவன்கீழ் ஆண்ட தலைவன். அதன்பின் வீரன் பெயரும் அவன் பட்ட காரணமும். கோயிற் கல்வெட்டுகளில் கொடையாளரே மிகுதியும் பேசப்படுவர். ஈண்டோ எருமை காத்து மாண்ட எளியோனும் வேந்தனோடு ஒரே கல்லில் இடம்பெறுகின்றான். எடத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் பட்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாயும் செதுக்கப்பட்டுளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டுளது. நாய்க்கும் பெயர் பொறித்த அவ்வூராரை நினைந்து வியவாதிருத்தல் எமக்கு அரிது.

வீரன் காலருகே கெண்டியும் சிமிழும் சில கற்களில் காணப்படும். கெண்டி கள் படைத்தலைக் குறிக்கும் என்பாரும் உளர். தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறுகலத்திற் கள் உகுத்தமையை ஔவையார் புறநானூற்றில் (232) பாடுகின்றார். இடையே சில நூற்றாண்டுகள் உள. ஆதலின் இரண்டும் ஒன்றே எனத் துணிதல் தகாது. எனினும் வழக்கு நின்ற நிலம் ஒன்றே. மேலும், வெட்சித் துறைகளுள் தொல்காப்பியர் கூறும் ‘ஆகோள்’ என்னும் சொல், 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப்பிராமி நடுகல்லில் அவ்வண்ணமே காணப்படுகின்றது. ஆகவே புறத்திணை வெறும் புலவர் கற்பனை என்பார் கூற்று நிற்குமாறில்லை.

இக்கற்களின் எழுத்துகள் ஆழமற்றவை. மழையும் பாசியும் அவற்றை அரிக்கின்றன. ஒரு புள்ளி தேயின் ஒரு பெயரே மாறிவிடும். ஊர்களில் நிற்பனவற்றின் நிலையோ வேறு. அங்கு அவை வேடியப்பன் என வழிபடப்படுகின்றன. எண்ணெயும் சுண்ணாம்பும் எழுத்தை மறைப்பினும் கல்லைக் காக்க ஊரார் உளர். முற்றத்துக் கற்களுக்கோ வழிபடுவார் இலர். வழிபாடு வாழும் ஊரினின்று கல்லைப் பெயர்த்தல் தகாது என்றே கொள்கின்றோம். ஆனால் பெயர்த்துக் கொணர்ந்தவற்றுக்கு ஒரு கூரையேனும் வேண்டும். ஈரத்தாள் ஒற்றி எடுத்த மைப்படிகளைப் புதிய படிகளோடு ஒப்புநோக்கின், எவ்வெழுத்து எத்துணை தேய்ந்தது என அறியலாகும். வட்டெழுத்துப் பயிலும் முதுகலை மாணவர்க்கு அப்பணியையே முதற் பயிற்சியாகத் தரலாம்.