பொத்தானைக் காணோம்!

கம்ப்யூட்டர் திரையின் இடது கீழ் மூலையில் ஒரு பொத்தான். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டார்கள் என்பதற்காக உலகெங்கும் கூச்சல் எழுந்தது. எடுத்த கம்பெனி மூன்று ஆண்டுகளுக்குள் படிப்படியாக இறங்கிவந்து, எடுத்ததைத் திரும்ப வைத்தது. விண்டோஸ் 8 என்ற ஏற்பாட்டின் கதை இது.

விண்டோஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை ஏற்பாடு. கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது, படம் பார்ப்பது எல்லாம் அதன் மேல்தான் நடக்கின்றன. அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து வெளியிடுவது வழக்கம். 2012 அக்டோபர் 26ஆம் தேதி விண்டோஸ் 8 விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் கம்ப்யூட்டரைப் போட்டதும் பழகிய திரை வரவில்லை. திரை முழுக்கப் பல வண்ணக் கட்டங்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பழைய திரைக்குப் போனால், அங்கே மூலையில் இருக்க வேண்டிய "ஸ்டார்ட்" பொத்தானைக் காணோம்.

பொத்தான் பிறந்த கதை

அந்தப் பொத்தானும் சும்மா வந்ததல்ல. அதற்கு முந்தைய விண்டோஸில், புதிதாக வருகிறவர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவது வழக்கம். கம்பெனி ஆட்களைக் கூட்டிவைத்துப் பரீட்சித்துப் பார்த்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே "இங்கே ஆரம்பி" என்று எழுதியே வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். 1995 ஆகஸ்ட் 24ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95இல் அது முதன்முதலாக வந்தது. விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் "ஸ்டார்ட் மீ அப்" பாட்டையே வாங்கிப் போட்டார்கள். கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் "ஸ்டார்ட்" பொத்தானைத்தான் அமுக்க வேண்டும் என்பது அந்நாளில் ஒரு வேடிக்கைப் பேச்சாக இருந்தது. வேடிக்கை பேசியவர்களும் பதினேழு ஆண்டுகள் அதையே அமுக்கிப் பழகினார்கள்.

பிறகு ஏன் எடுத்தார்கள்? இரண்டு காரணங்கள். முதலாவது, 2010இல் ஆப்பிள் கம்பெனியின் ஐபேட் வந்தது. விரலால் தொட்டு வேலை செய்யும் பலகைகள் பக்கம் ஜனங்கள் சாய்ந்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கும் தொடுபலகைக்கும் ஒரே முகமாக இருக்கட்டும் என்று மைக்ரோசாப்ட் எண்ணியது.

இரண்டாவது காரணம்தான் சுவையானது. சம்மதம் கொடுத்தவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து, எந்தப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினார்கள் என்ற கணக்கு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கின்படி, விஸ்டாவோடு ஒப்பிட்டால் விண்டோஸ் 7இல் ஸ்டார்ட் மெனுவின் உபயோகம் 11 சதவீதம் குறைந்திருந்தது. 2011இல் கம்பெனியே இதை எடுத்துச் சொல்லி, மாற்றத்துக்கு நியாயம் கற்பித்தது.

இங்கேதான் கோளாறு. சம்மதம் கொடுக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அது போகட்டும், குறைவாகத் தொடுகிற பொருள் வேண்டாத பொருள் ஆகிவிடுமா? வீட்டு வாசல் விளக்கின் ஸ்விட்சை ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் தொடுகிறோம். அதற்காக அதைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினால் இருட்டில் தடவுகிறவன் என்ன சொல்வான்?

மூலைக்கு மூலை

உபயோகிப்பவர்கள் பட்ட பாட்டுக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தும் வேலை ஒன்றே போதும். மவுஸை வலது ஓரத்து மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒளிந்திருக்கும் ஒரு பட்டை வெளியே வரும். அதில் "செட்டிங்ஸ்", பிறகு "பவர்", பிறகுதான் நிறுத்தும் கட்டளை. மூலையில் இப்படி ஒரு பட்டை இருப்பதாகத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

விற்பனைக்கு முன்பே, 2012 மார்ச்சில், அமெரிக்கத் தொழில்நுட்ப விமர்சகர் ஒருவர் தம் தந்தையைச் சோதனைப் பதிப்பின் முன் உட்காரவைத்துப் படம் பிடித்து வெளியிட்டார். வண்ணக் கட்டங்களுக்குத் திரும்பிப் போகும் வழி தெரியாமல் பெரியவர் திண்டாடியதை உலகமே பார்த்தது. வயதானவர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. உபயோக எளிமை பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன், அனுபவமுள்ள 12 பேரை வைத்துச் சோதித்தார். புதியவர்களுக்கும் இது சரிப்படாது, தேர்ந்தவர்களுக்கும் சரிப்படாது என்று 2012 நவம்பரில் எழுதினார். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருப்பதும், கட்டளைகள் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பதும் அவர் சொன்ன குறைகளில் முக்கியமானவை.

பாராட்டியவர்களும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் விரைவாக எழுந்து நிற்கிறது என்றார்கள். தொடுதிரை வைத்திருந்தவர்களில் பலருக்கு வண்ணக் கட்டங்கள் பிடித்துப்போயின. சொல்லப்போனால் உள்ளே இருந்த இயந்திரம் நல்ல இயந்திரம்தான். சண்டை முழுக்க வாசற்கதவைப் பற்றியது. ஆனால் பெரும்பாலோரின் மேஜையில் இருந்தது சாதாரணத் திரையும் மவுஸும்தானே!

கோபப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. "கிளாசிக் ஷெல்" என்ற இலவச புரோகிராமைப் போட்டுப் பழைய மெனுவை வரவழைத்துக்கொண்டார்கள். ஸ்டார்டாக் என்ற கம்பெனி "ஸ்டார்ட் 8" என்று ஒன்றைச் செய்து 4.99 டாலருக்கு விற்றது. விலை கொடுத்து விண்டோஸ் வாங்கியவன், அதில் ஏற்கெனவே இருந்த பொத்தானுக்கு மேலும் ஐந்து டாலர் கொடுத்தான்.

இதே சமயத்தில் இலவச லினக்ஸ் உலகிலும் இதுபோல ஒரு ரகளை நடந்தது. 2011இல் "நோம் 3" என்ற திரையமைப்பு பழைய மெனுவைத் தூக்கி எறிந்தபோது, லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே கடுமையாகத் திட்டினார். ஆனால் அங்கே மூலம் எல்லோர் கையிலும் இருந்தது. பிடிக்காதவர்கள் பழையதை எடுத்து "மாட்டே" என்று பெயர் சூட்டித் தாங்களே பராமரிக்கத் தொடங்கிவிட்டார்கள். விண்டோஸ்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

இறங்கிவந்த கம்பெனி

விண்டோஸ் 8 வெளியான மூன்றாவது வாரத்திலேயே அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி கம்பெனியை விட்டு விலகினார். பொத்தான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. 2013 ஏப்ரலில் ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களில் உலகக் கம்ப்யூட்டர் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 13.9 சதவீதம் சரிந்தது. தொடுபலகைகளும் கைபேசிகளும் சந்தையைத் தின்றது ஒரு பக்கம் இருக்க, விண்டோஸ் 8 சந்தைக்குக் கைகொடுக்கவில்லை என்பதோடு வேகத்தையே குறைத்துவிட்டது என்று அந்த நிறுவனம் சொன்னது.

2013 அக்டோபர் 17ஆம் தேதி விண்டோஸ் 8.1 வந்தது. பொத்தான் திரும்பிவிட்டது என்று அமுக்கிப் பார்த்தால், அது அந்த வண்ணக் கட்டங்களுக்கே கொண்டுபோய் விட்டது! கேட்டது சோறு, கொடுத்தது இலை என்ற கதைதான். நிறுத்தும் பொத்தான் அந்தக் கட்டங்களின் திரையில் வெளிப்படையாக வர 2014 ஏப்ரல் ஆயிற்று.

ஐதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் கம்பெனியின் தலைமை நிர்வாகியானார். இரண்டு மாதம் கழித்து சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில், ஸ்டார்ட் மெனு திரும்பி வரும் என்று டெர்ரி மையர்சன் என்ற அதிகாரி திரையில் காட்டினார். சபை கைதட்டியது. 1995இல் செய்த ஒன்றுக்கு 2014இல் கைதட்டு! 2015 ஜூலை 29ஆம் தேதி விண்டோஸ் 10 வெளியானபோது மெனு முழுதாக வந்து சேர்ந்தது. ஒன்பது என்ற எண்ணையே தாண்டிவிட்டார்கள். எட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஓடியதாகப் பலர் கேலி செய்தார்கள்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இல் பொத்தானை எடுக்கவில்லை. மூலையிலிருந்து கிளப்பித் திரையின் கீழ்வரிசை நடுவில் உட்காரவைத்தார்கள். இதற்கும் முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனால் இந்தத் தடவை செட்டிங்ஸில், பொத்தானைப் பழையபடி இடது ஓரத்துக்கே தள்ளிக்கொள்ளும் வசதியை வெளியான நாளிலேயே சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.