பாடக்குறிப்பு எழுத கம்ப்யூட்டர் கை கொடுக்கும்

ஆசிரியர் இருக்கும் வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன நடக்கும்? பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். நாம் இமெயில் பார்ப்போம், பாட்டுக் கேட்போம். வாரா வாரம் எழுதும் பாடக்குறிப்பை மட்டும் பழையபடி நோட்டில் எழுதிக்கொண்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை மாலை அதிலேயே போய்விடும்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஒரு பாடக்குறிப்பில் பாதிக்கு மேல் ஒவ்வொரு வாரமும் மாறாமல் திரும்ப வரும் வரிகள்தான். அந்தப் பாதியைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால், எந்தச் சோதனையைச் செய்து காட்டுவது, என்ன கேள்வி கேட்பது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். இதற்கு வேர்டும் எக்ஸெல்லும் போதும். பணம் கொடுத்து வாங்க விரும்பாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பைப் பயன்படுத்தலாம். மெனுக்களும் ஷார்ட்கட் கீகளும் சற்று மாறும், வழி ஒன்றுதான். தொடங்கும் முன், பிரிண்ட் எடுத்த பாடக்குறிப்பை உங்கள் பள்ளியில் ஏற்பார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட் ஒன்று போதும்

டாகுமெண்ட்ஸ் பகுதியில் ‘பாடக்குறிப்பு’ என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். பின் வேர்டைத் திறந்து, இன்சர்ட் டேபில் டேபிள் என்பதைக் கிளிக் செய்து, 2 காலம், 14 வரிசை கொண்ட அட்டவணையை அமைத்திடுங்கள். இடப்பக்கக் கட்டங்களில் வகுப்பு, தேதி, பாடத்தலைப்பு, கற்றல் விளைவு, ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று டைப் செய்திடுங்கள். கடைசிக் கட்டத்தில் ‘நடத்திய பின்’ என்று எழுதுங்கள். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். நிர்மலா, லதா போன்ற யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்தால் வேறு கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்துகள் சிதையாது.

இப்போது எப்12 கீயை அழுத்துங்கள். சேவ் ஆஸ் விண்டோ கிடைக்கும். சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் வேர்ட் டெம்ப்ளேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே வேர்ட் தானாகவே வேறு போல்டருக்குப் போய்விடும். நீங்கள் மறுபடி பாடக்குறிப்பு போல்டரைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடுங்கள்.

பழைய பைலைத் திறந்து திருத்தி எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் போன வாரத் தேதி அப்படியே நின்றுவிடும். பழைய குறிப்பு அழிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. டெம்ப்ளேட்டை டபுள் கிளிக் செய்தால் ஒவ்வொரு முறையும் புதிய பைல் ஒன்று திறக்கும். மூலம் பத்திரமாக இருக்கும். டெம்ப்ளேட்டையே திருத்த வேண்டுமானால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஓபன் கொடுங்கள்.

பைல்களுக்குப் பெயரிடும்போது ‘07-01-அளவீட்டியல்’ என்பதுபோல் வகுப்பு, பாட எண், தலைப்பு என்ற வரிசையில் கொடுங்கள். எண்களை 2 இலக்கத்தில் எழுதினால் எங்கே திறந்தாலும் பாட வரிசை குழம்பாது.

திரும்ப வரும் வரிகளுக்கு எப்3

‘மாணவர்கள் குழுவாக மனவரைபடம் வரைந்து வகுப்பில் வழங்குவர்’ போன்ற வரி எல்லாப் பாடத்திலும் வரும். அதை ஒரு முறை டைப் செய்து, செலக்ட் செய்து, ஆல்ட் கீயுடன் எப்3 அழுத்துங்கள். கிடைக்கும் விண்டோவில் நேம் என்ற இடத்தில் சுருக்கமாக ஒரு பெயர் கொடுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘எம்1’ என்று வைத்துக்கொள்ளலாம். இனி அந்தச் சுருக்கத்தை டைப் செய்து எப்3 அழுத்தினால் முழு வரியும் வந்துவிடும். வேர்டை மூடும்போது பில்டிங் பிளாக்ஸ் மாற்றங்களை சேவ் செய்யவா என்று கேட்டால், சேவ் கொடுக்க மறக்காதீர்கள்.

மழை விடுமுறை வந்தால்?

ஆண்டுத் திட்டத்தை ஜூனில் அழகாக எழுதிவிடுவோம். நவம்பரில் மழைக்காக நான்கு நாள் விடுமுறை விட்டால் எல்லாத் தேதியும் தவறிவிடும். இதற்கு எக்ஸெல் நல்ல தீர்வு.

ஏ காலத்தில் தேதி, பி காலத்தில் பாடப்பகுதி. எச் காலத்தில் 2-ஆம் வரிசையிலிருந்து விடுமுறைத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். ஏ2 செல்லில் முதல் பாடவேளையின் தேதியைக் கொடுங்கள். ஏ3 செல்லில் இந்த பார்முலாவை அமைத்திடுங்கள்:

=வொர்க்டே(ஏ2,1,$எச்$2:$எச்$60)

இதை ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். தேதிக்குப் பதில் 46,000-ஐ ஒட்டிய எண் ஒன்று தெரிந்தால் பயப்படாதீர்கள். அந்தச் செல்லின் பார்மட்டை டேட் என்று மாற்றினால் சரியாகிவிடும். பிறகு செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் நீங்கலாக எல்லாத் தேதிகளும் வந்துவிடும். சனிக்கிழமை பள்ளி இருந்தால், அந்த வரிசையில் மட்டும் தேதியைக் கையால் எழுதுங்கள். அடுத்த வரிசை அதிலிருந்து தொடரும்.

திடீரென விடுமுறை அறிவித்தால் எச் காலத்தில் அந்தத் தேதியைச் சேர்த்தால் போதும். கீழே உள்ள தேதிகள் தானாக நகரும். கடைசி வரிசையைப் பாருங்கள். அந்தத் தேதி தேர்வைத் தாண்டிப் போகிறதா? அப்படியானால் எந்தப் பாடத்தைச் சுருக்கலாம், எதற்கு நேரம் அவசியம் என்று அன்றே முடிவெடுக்கலாம். தேர்வுக்கு முந்தின வாரம் மூன்று பாடத்தை ஓட்டமாக நடத்தினால் பாதிக்கப்படுவது பின்வரிசைப் பிள்ளைகள்தான்.

‘நடத்திய பின்’ கட்டம்

வகுப்பு முடிந்த அன்றே இந்தக் கட்டத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அடர்த்தி பாடத்துக்கு நான் எழுதியது இது: “எடை அதிகமானால் மூழ்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். அடுத்த முறை ஒரே அளவுள்ள மரக்கட்டையும் இரும்புக் கட்டியும் கொண்டுவர வேண்டும்.” அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பைத் திறந்தபோது பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், முழுப் பாடக்குறிப்பையும் ஏஐ புரோகிராமிடமே கேட்டு வாங்கலாம் என்று சொல்கிறார்கள். வினாக்களுக்கும் சோதனை யோசனைகளுக்கும் அது உதவும். ஆனால் தவறான தகவலையும் நம்பும்படி எழுதும். பாடநூலோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாணவர்களின் பெயர், மதிப்பெண்களை அதில் கொடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் யாருக்கு எங்கே தடுக்குகிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் ‘நடத்திய பின்’ கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

மாதம் ஒரு முறை பாடக்குறிப்பு போல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் டெம்ப்ளேட், அடுத்த வாரம் எப்3, விடுமுறையில் எக்ஸெல் என்று போனால் போதும். ஒரு பருவம் முடிவதற்குள் ஞாயிறு மாலை உங்கள் கைக்கு வந்துவிடும்.