ஸ்காத்லாந்து தேசத்து மரவளர்ப்புச் சங்கம்

நம் கடற்கரை ஜில்லாக்களில் சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் மிராசுதார்களில் அனுபவசாலிகள் பலர் உளர். எந்த மண்ணில் எத்தனை அடிக்கு ஒரு கன்று நடுவது, எத்தனையாவது வருஷத்தில் வெட்டினால் விறகு கனக்கும் என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆயினும் அவ்வறிவு பெரும்பாலும் தோப்பின் வேலியைத் தாண்டுவதில்லை. உடையவர் காலமானால் அதுவும் அவரோடு மறைகின்றது. இதே குறையை உணர்ந்தவர்கள் ஸ்காத்லாந்து தேசத்தில் 1854-ஆம் வருஷத்தில் ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். அதன் வரலாறு சென்னை இராஜதானியோடும் தொடர்புடையதாதலின், அதை இங்கே சற்று விரித்துரைப்போம்.

அக்காலத்து ஸ்காத்லாந்தில் பழைய காடுகள் பெரும்பாலும் அழிந்துபோயிருந்தன. புதிதாக மரம் வைத்தவர்கள் பெருநிலக்கிழார்களே. அவர்களுள் அத்தால் பிரபுக்களின் குடும்பம் பேர்போனது. 1738-ஆம் வருஷத்தில் டன்கெல்டு என்னும் ஊரில் அக்குடும்பத்தார் சில லார்ச்சுக் கன்றுகளை நட்டு, பின்னர் மலைச்சரிவுகள் முழுவதும் அம்மரத்தைப் பரப்பினார்கள். லார்ச்சு என்பது குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் ஓர் ஊசியிலை மரம். நிலம் பிரபுவினுடையது, மரத்தைப் பேணியவரோ சம்பளத்திற்கமர்ந்த வனமேற்பார்வைக்காரர். அவருக்கு இத்தொழிலைக் கற்பிக்கும் பாடசாலை அந்நாட்டில் ஒன்றுமில்லை. தகப்பனிடமோ மூத்த வேலைக்காரரிடமோ பார்த்துப் பழகியதே அவருடைய கல்வி.

அத்தகைய மேற்பார்வைக்காரருள் ஒருவர் ஜேம்ஸ் பிரவுன். ஆர்னிஸ்டன் பண்ணையில் வேலை பார்த்த அவர், 1847-இல் தம் தொழிலைப்பற்றிப் பெரிய நூலொன்று வெளியிட்டார். அவரும் அவரையொத்த தொழிலாளரும் எடின்பரோ நகரில் கூடி, 1854 பிப்ரவரி 16-ஆம் தேதி ஸ்காத்லாந்து மரவளர்ப்புச் சங்கத்தை நிறுவினார்கள்.

இச்சங்கம் செய்த காரியங்களுள் யாம் முதன்மையாக மதிப்பது, அது பரிசளித்துக் கட்டுரைகள் எழுதுவித்ததேயாம். நாற்றங்கால், வேலி, வடிகால், நெருங்கிய மரங்களைக் கலைத்தல், தோல் பதனிடுதற்கு ஓக்குப் பட்டை உரித்தல் ஆகிய விஷயங்களைக் குறித்து, கோடரி பிடித்த கையாலேயே எழுதச் செய்தது. நல்லனவற்றைச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சிட்டது. அங்கத்தினர்கள் வருஷந்தோறும் ஒருவர் பண்ணையை மற்றவர்கள் சென்று பார்வையிடுவதும் வழக்கமாயிற்று. பிறர் தோப்பைக் கண்ணாற் கண்டு, தவறியதையும் தேறியதையும் அவ்விடத்திலேயே வாதிப்பது பத்துப் பிரசங்கங்களைவிடப் பயன் தரும் என்பது செய்துகாட்டும் வேலையில் உள்ள எம்போன்றோர் அறிந்ததே. லார்ச்சு மரத்தில் அடிமரம் புண்பட்டு அழுகும் நோய் பரவியபோது அதன் காரணத்தைப்பற்றி நெடுங்காலம் வழக்காடினார்கள். சிலர் பூஞ்சணமென்றனர், சிலர் உறைபனியென்றனர், வேறு சிலர் தகாத விடத்து விதையென்றனர். பிற்காலத்தில் டன்கெல்டிலேயே ஐரோப்பிய லார்ச்சும் ஜப்பான் லார்ச்சும் கலந்து பிறந்த கன்றுகள் அந்நோயை நன்கு தாங்கக் கண்டனர்.

இனிச் சென்னைத் தொடர்பைச் சொல்வோம். ஹ்யூ கிளெக்ஹார்ன் என்பார் 1820-இல் சென்னையிற் பிறந்து, எடின்பரோவில் வைத்தியங் கற்று, கும்பினியாரின் வைத்திய உத்தியோகத்தில் இந்நாட்டுக்குத் திரும்பினார். வெப்பநாடுகளில் காடழிவதன் விளைவுகளைப்பற்றி 1851-இல் அவரும் வேறு சிலரும் பிரித்தானிய விஞ்ஞானச் சபைக்கு அறிக்கை கொடுத்தனர். இராயபுரத்திலிருந்து முதல் ரெயில் ஓடிய 1856-ஆம் வருஷத்தில்தான் அவர் சென்னை இராஜதானியின் வனப் பாதுகாவலராக நியமனம் பெற்றார். தண்டவாளக் கட்டைக்காகவும் விறகுக்காகவும் மரங்கள் வேகமாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. அவர் குமரி சாகுபடியை, அஃதாவது மலைவாழ்நர் காட்டை எரித்துப் பயிரிடுவதை, மிகவுங் கடிந்தார். ரெயில் தின்ற மரத்தோடு ஒப்பிடுங்கால் அம்மக்கள்மீது விழுந்த பழி அளவுக்கு மிஞ்சியதென்பது எம் கருத்து. எனினும் காட்டை வரம்பின்றி வெட்டலாகாதென்னும் எண்ணத்தைச் சர்க்காரின் மனத்திற் பதித்தவருள் அவர் தலையானவர் என்பதில் ஐயமில்லை. தென்னிந்தியாவின் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவருடைய நூல் 1861-இல் வெளிவந்தது.

உத்தியோகத்தினின்று விலகித் தம் ஸ்காத்லாந்துப் பண்ணைக்குத் திரும்பிய கிளெக்ஹார்ன், இச்சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். இந்தியாவில் வனத்துக்கென ஓர் இலாகாவும் பயிற்சி பெற்ற உத்தியோகஸ்தரும் இருக்க, பிரிட்டனில் அவ்விரண்டும் இல்லாமை அவருக்கு விந்தையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். 1884-இல் எடின்பரோவில் சர்வதேச வனக் கண்காட்சி நடந்தபோது இந்திய மரங்கள் அங்கே பெருமளவில் வைக்கப்பட்டிருந்தன. 1887-இல் சங்கத்துக்கு அரச பட்டம் கிடைத்தது. சங்கத்தார் நெடுநாள் வேண்டி வந்த வனக்கல்வியும் பின்னர்க் கைகூடிற்று: எடின்பரோ சர்வகலாசாலையில் 1889-இல் வில்லியம் சாமர்வில் என்பார் வனநூல் விரிவுரையாளரானார். கிளெக்ஹார்ன் 1895-இல் காலமானார்.

சங்கத்தின் அடுத்த பெருவேலை நில அளவை. லொவாட் பிரபுவும் ஸ்டெர்லிங் என்னும் படைத்தலைவரும் கிளென் மோர் என்னும் பெரும் பள்ளத்தாக்கை ஆராய்ந்து, எவ்விடத்தில் மரம் வைக்கலாம், அதனால் குடியானவர்க்கு எவ்வாறு வேலை கிடைக்கும் என்று எழுதியதைச் சங்கம் 1911-இல் வெளியிட்டது. அதை அப்போது பலரும் பொருட்படுத்தவில்லை. 1914-இல் போர் மூண்டது. கடல்வழியே மரம் வருவது குறைந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் முட்டுக்கொடுக்கவும் மரத்துக்குத் தட்டுப்பாடு. நாட்டின் பரப்பில் நூற்றுக்கு 5 பங்களவே காடிருந்த பிரிட்டன் உள்ளதையும் வெட்டிற்று. 1919-இல் வனச் சட்டம் பிறந்து வன ஆணையம் அமைந்தபோது, அதன் முதல் தலைவர் அதே லொவாட் பிரபு.

1925-இல் தொழில்முறை வனவறிஞர்க்கென பிரிட்டன் முழுமைக்கும் தனிச் சங்கமொன்று எழுந்தது. பழைய சங்கமோ நிலக்கிழாரையும் மேற்பார்வைக்காரரையும் ஒரே அவையில் அமர்த்தும் தன் வழக்கத்தை விடவில்லை. தலைமைப் பதவி பெரும்பாலும் பிரபுக்களுக்கே சென்றதென்பது உண்மையே. ஆயினும் பரிசுக் கட்டுரைகள் கூலிக்கு வேலை செய்தவர்களிடமிருந்தும் வந்தன. நம் பக்கத்தில் அவ்விரு சாராரையும் ஒரே பாயில் அமரச் செய்வது எளிதன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1930-இல் அச்சங்கம் அரச ஸ்காத்லாந்து வனச் சங்கம் எனப் பெயர் மாறிற்று.

1996-இல் லோமந்து ஏரிக்கரையில் கேஷல் என்னும், ஏறத்தாழ 3,000 ஏக்கர் கொண்ட ஆட்டுப் பண்ணையைச் சங்கமே விலைக்கு வாங்கி, ஆயிரமாண்டு வனம் எனப் பெயரிட்டு மரம் வைக்கத் தொடங்கிற்று. அங்கே நட்டவை ஓக்கு, பிர்ச்சு, ஸ்காத்துப் பைன் முதலிய அந்நாட்டுச் சொந்த மரங்கள்.